பிரக்சிஸ் முடிந்து பிள்ளை வீடு வரும்போது



தாதியர் படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகளின் மனத்திடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் பயம். “மனதைத் திடப்படுத்து” என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு நாங்கள் தேநீர் குடிக்கப் போய்விடுவோம்!

நோர்வேயில் இந்தப் படிப்பு 3 ஆண்டுகள், 180 கல்விப் புள்ளிகள். அதில் 90 புள்ளிகள் பிரக்சிஸ், அதாவது நோயாளிகளிடையே செய்முறைப் பயிற்சி. இருபது வயதுப் பிள்ளை முதல் மரணத்தை அங்கேதான் பார்க்கிறாள்.

வாடிய முகத்தோடு வீட்டுக்கு வருகிறாள். “ஆர் அந்த நோயாளி? தமிழ் ஆளோ?” என்று கேட்கிறோம். அவள் சொல்லக்கூடாது. இரகசியம் காக்கும் சட்டக் கடமை மாணவருக்கும் உண்டு. எல்லிங்ஸ்ருட்டுக்கு ஆஹுஸ் வைத்தியசாலை எவ்வளவு கிட்ட! கட்டிலில் இருந்தவர் போன ஞாயிறு உங்கள் பக்கத்தில் அமர்ந்தவராகவும் இருக்கலாம். ஆகவே நோயாளியை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கேளுங்கள்: “சாப்பிட்டியா? நித்திரை வருகுதா? அங்கே ஆரோடை இதைக் கதைச்சனி?”

மூன்றாவது கேள்வி முக்கியம். பிரக்சிசில் வழிகாட்டும் தாதியும் கல்லூரி ஆசிரியரும் இருக்கிறார்கள். அழுகை வந்தால் அவர்களிடம் சொல்லலாம்; அதற்காக யாரும் புள்ளி குறைப்பதில்லை. பயிற்சியில் தேறுவது சந்தேகமென்றால், முடிவதற்கு முன்பே எழுத்தில் அறிவிப்பார்கள். திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கத்தான் அந்தக் கடிதம். பெற்றோரே, அதைக் கண்டு “சனம் என்ன சொல்லும்” என்று தொடங்காதீர்கள். பிறகு பிள்ளை அடுத்த கடிதத்தை ஒளித்துவிடும்.

நோர்வேயின் முதல் பயிற்சி பெற்ற தாதி கத்திங்கா குல்ட்பெர்க். என்னைப் போல அவரும் வெளிநாட்டில் படித்தவர்; ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் கற்று வந்து, 1868இல் இதே நகரத்தில் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். அப்போது இதன் பெயர் கிறிஸ்தியானியா. அந்தச் சகோதரிகள் ஒரே இல்லத்தில் வாழ்ந்தார்கள், ஒரே மேசையில் உண்டார்கள். அந்தக் கட்டுப்பாடு நம் பிள்ளைகளுக்குச் சரிவராது, எனக்கும் சரிவராது! ஆனால் கடினமான நாளின் இரவில் அந்த மேசையில் இன்னொரு தாதி இருந்தாள். நம் பிள்ளையோ மாலை வேலை முடிந்து, காதில் பாட்டோடு, எல்லிங்ஸ்ருட்ஓசன் கடைசி நிறுத்தத்தில் தனியே இறங்குகிறாள். ஒரு பிளேட் சோறு மூடி வையுங்கள். கதைக்க வந்தால் கேளுங்கள். வராவிட்டால் பேசாமல் கூட இருங்கள்.

சின்னப் பிள்ளைகளே, இரவு வேலை முடிந்து அக்கா பகலில் உறங்கினால், பந்தை வெளியே கொண்டுபோய் அடியுங்கள். அதுவும் பெரிய உதவி.

மாணவர்களே, மருந்துக் கணக்குப் பரீட்சையில் ஒரு கணக்குக்கூடப் பிழைக்கக்கூடாது என்பது வழக்கம். மில்லிகிராம், மில்லிலீட்டர் குழப்பம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆராதனை முடிந்ததும் கோப்பி மேசைக்கு அருகில் இருப்பேன். கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கள்.