கரிசல் காட்டுக் கதவு

வறுமையைப் பற்றிப் பேசுதல் எளிது. அஃது ஒரு வீட்டினுள் எவ்வழியே நுழைகிறது என்று காட்டுதல் அரிது. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்னும் சிறுகதை அவ்வரிய செயலைச் செய்கிறது.

1923இல் இடைசெவலில் பிறந்து 2021இல் மறைந்த கி. ரா., தாமே ஓர் உழவர். அவர் அறிந்த கரிசல், வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் விளைச்சல் பொய்க்கும், தீர்வை பொய்க்காது. கதையில் வரும் தந்தை மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறான். அவனிடமிருந்து பணமும் இல்லை, கடிதமும் இல்லை. தாய் காட்டுவேலை செய்து பிள்ளைகளைக் காக்கிறாள். தீர்வைப் பாக்கிக்காகத் தலையாரி வந்து வீட்டுக் கதவைக் கழற்றிச் செல்கிறான்.

அந்தக் கதவுதான் பிள்ளைகள் ஏறி விளையாடிய பேருந்து. அது போனபின் வாடைக்காற்று தடையின்றி உள்ளே வருகிறது, கைக்குழந்தை இறக்கிறது.

இத்தகைய கதைகள் இரக்கத்தை மட்டுமே எழுப்புவன என்பார் உளர். இக்கதைக்கு அக்கூற்று பொருந்தாது. மழை பெய்யாமை இயற்கையின் செயல். கதவைக் கழற்றியது மனிதர் வகுத்த முறையின் செயல். இவ்விரண்டையும் படிப்பவர் தாமே பிரித்துணருமாறு, எவரையும் ஏசாமல் எழுதியுள்ளார் ஆசிரியர்.

இறுதியில், கேட்பாரற்றுக் கிடக்கும் தங்கள் கதவைப் பிள்ளைகள் கண்டு இறுகப் பற்றிக்கொள்கின்றனர். உழவர் வறுமையை எழுத முனையும் இளையோர், அந்தப் பிடியிலிருந்தே தொடங்கலாம்.