பறை காய்ச்சும் அறிவும் இயற்பியல் வகுப்பும்



அடிப்பதற்கு முன் பறையைத் தீயில் காய்ச்சுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தோலில் ஈரம் இருந்தால் அது தளர்ந்து ஓசை இறங்கிவிடும். சூடு பட்டால் ஈரம் போகும், தோல் இறுகும், சுருதி ஏறும். மழைக்காலத்தில் அடிக்கடி காய்ச்ச வேண்டும். அளவு மீறினால் தோல் கிழிந்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதைத் தட்டிப் பார்த்துக் காதால் முடிவு செய்வார்கள். உற்றுநோக்கல், காரணம், சோதனை எல்லாம் இதில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை மேல்நிலை வகுப்புக்கு வருகிறாள். சுரமானியில் ஒரு கம்பியைக் காட்டி, இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும் என்று எழுதிப் போடுகிறோம். இது உனக்குத் தெரிந்ததுதானம்மா என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை.

தோல் பதனிடுவதும் அப்படித்தான். சுண்ணாம்பு நீரில் ஊறினால் மயிர் கழலும்: காரம் புரதத்தைச் சிதைக்கிறது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறினால் தோல் அழுகாது: பட்டையின் டானின் தோலின் புரதத்தோடு பிணைகிறது. இதைத் தீட்டு என்றார்கள். வேதியியல் என்று சொல்லியிருக்க வேண்டும்.

மிருதங்கத்தின் கரும்பூச்சு எப்படி இசைவான மேற்சுரங்களைத் தருகிறது என்பதை சி.வி.ராமன் 1920இல் எழுதினார். நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூச்சை அடுக்கடுக்காகத் தேய்த்து, கேட்டுக் கேட்டுத் திருத்தியவர்களின் வாழ்வை டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதியது 2020இல். இடையில் நூறாண்டு!

உங்களில் சிலருக்கு இப்போது 1953 நினைவுக்கு வந்திருக்கும். வரத்தான் வேண்டும். ராஜாஜியின் குலக்கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றது. பெரியார் போராடினார்; 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் பிள்ளையை வகுப்பறையிலிருந்து தொழிலுக்குத் துரத்தியது. நான் கேட்பது, தொழிலில் உள்ள அறிவு வகுப்பறைக்குள் வரட்டும், எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பாடமாகட்டும் என்று. அக்ரகாரத்துப் பிள்ளையும் தோலைத் தொட்டு ஊறவைக்கட்டுமே.

முடியாத காரியமல்ல. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஓசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுப்புறத்தை ஆராய்ந்து, சோதித்து, வாதிட்டுப் படித்தார்கள். தேர்வையே புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதினார்கள். 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது.

இங்கே ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். 'உங்கப்பா பறையடிக்கிறவர்தானே, நீ எழுந்து சொல்லு' என்று ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பாதீர்கள். அது சாதிப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான். பறையை மேசைமேல் வையுங்கள், எல்லோரும் தட்டட்டும். ஈரத்துணியால் துடைத்தால் ஓசை ஏறுமா, இறங்குமா? துடைப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் காரணத்தோடு எழுதட்டும். பிறகு துடைத்துப் பாருங்கள். தவறாக எழுதிய பிள்ளையிடமும், ஏன் அப்படி நினைத்தாய் என்று கேளுங்கள்.