எடுத்த கருமம் முடித்தல்

(முடிச்சூர்க் கிளைச் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு நிறைவு நாளில் உங்கள்முன் நின்று பேசும்படி கிளைச் சங்கத்துச் செயலாளர் பணித்தபோது யாம் முதலில் மறுத்தோம். பேசத் தகுதியுடையார் பலர் இச்சபையில் இருக்கின்றனர் என்பது ஒரு காரணம். இன்று எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றிப் பிறர்க்குப் புத்தி கூற யாம் சிறிதும் உரியேம் அல்லேம் என்பது மற்றொரு காரணம். எனினும் வழுக்கி விழுந்தவனே வழுக்கு நிலத்தை நன்கறிவான் ஆதலின், அவ்வறிவொன்றையே துணையாகக் கொண்டு பேசத் துணிந்தோம். குற்றங் களைந்து குணம் கொள்வீராக.

பொருள் யாதெனின், எடுத்த கருமத்தை முடித்தல் என்பதாம்.

நம் சமூகத்தாரிடம் முயற்சி இல்லை என்று சிலர் குறை கூறுவதுண்டு. அக்கூற்று உண்மையன்று. முயற்சி உண்டு; தொடக்கம் உண்டு; முக்காற்பங்கு உழைப்பும் உண்டு. இல்லாதது கடைசிக் காற்பங்கே. பட்டப் படிப்பில் எல்லாத் தாள்களிலும் தேறி, ஒரே ஒரு தாளை நிலுவையில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகப் பட்டம் பெறாதிருக்கும் இளைஞர் நம்மிடையே இல்லையா? தட்டெழுத்தில் கீழ்நிலைத் தேர்வு முடித்து, மேல்நிலைத் தேர்வுக்குப் பணமும் கட்டி, தேர்வன்று போகாதிருந்தவர் இல்லையா? கையெழுத்திடக் கற்றவுடன் ஏட்டை மூடிவிட்ட தாய்மார் இல்லையா? குடியை ஒரு மண்டலம் விட்டிருந்து, விட்டுவிட்டோம் என்ற மகிழ்ச்சியைக் கொண்டாடவே மீண்டும் குடித்தவர் இல்லையா? பிறரைச் சொல்வானேன்? இச்சங்கம் தொடங்கிய படிப்பகத்தின் சுவர்கள் விட்டமட்டம் எழும்பி நின்று எத்தனை மழைக்காலம் கண்டுவிட்டன என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஈண்டு ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். 1984 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், நம் நாட்டுப் பி. டி. உஷா அவர்கள் ஒரு வினாடியில் நூற்றிலொரு பங்கு பின்தங்கி மூன்றாம் இடத்தை இழந்தார். அதுவும் மயிரிழையில் தவறியதே. ஆனால் அவர் எல்லைக்கோடு வரையில் ஓடினார். அத்தகைய தோல்வியில் குற்றமுமில்லை, நாணமுமில்லை. யாம் பேசவந்தது எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தாமாகவே நின்றுவிடுவாரைப் பற்றியே.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். உற்று நோக்கின், பெரும்பாலும் தாழி உடைவதில்லை. வெண்ணெய் திரளத் தொடங்கியதைக் கண்டவுடன் மத்தைக் கீழே வைத்துவிடுகிறோம். பழியைத் தாழியின்மேல் ஏற்றுகிறோம். துன்பம் மிகுந்தபோது உழைத்தவர், துன்பம் சற்றுத் தணிந்தவுடன் கை தளர்வது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் ஊரிலிருந்து தாம்பரம் சென்று, மின்சார ரயிலேறிக் கடற்கரை நோக்கிப் போகும்போது முதலாவதாக வரும் நிலையத்தின் பெயரே அவ்விடையை நினைவூட்டும்.

தாம்பரம் சானடோரியம் என்னும் அப்பெயர் எப்படி வந்தது? டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து என்னும் தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளிடையே காசநோயாளர்க்கு ஒரு விடுதி நடத்தியவர். கணிதமேதை இராமாநுஜன் 1917 இல் சிலகாலம் தங்கிச் சிகிச்சை பெற்றது அவ்விடுதியிலேதான். அம்மருத்துவரே தாயகம் திரும்பி 1928 இல் தாம்பரத்தில் ஒரு காசநோய் விடுதியைத் தொடங்கினார். க்ஷயம் என்று நம் முன்னோர் அஞ்சிய அந்நோய்க்கு அக்காலத்தில் நேரான மருந்து இல்லை. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகிய இவைகளே சிகிச்சை. பின்னர் அவ்விடுதி அரசினர் மருத்துவமனையாயிற்று. இன்றும் நெஞ்சக நோய்களுக்குப் பேர்பெற்று விளங்குகின்றது.

1940 களிலும் 1950 களின் தொடக்கத்திலும் நோயைக் கொல்லும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. அப்போது வேறொரு கேள்வி எழுந்தது. நோயாளர் கணக்கற்றோர், விடுதிப் படுக்கைகளோ சில. ஏழைகள் தம் குடிசையிலிருந்தபடியே மருந்துண்டு பிழைக்க முடியுமா? இதனை ஆராய 1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அமைத்தது அது. நகரத்து ஏழை நோயாளரில் ஒரு பிரிவினரை விடுதியிலும் மற்றொரு பிரிவினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு அதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். 1959 இல் வெளிவந்த முடிவு உலகையே வியக்கச் செய்தது. நெருக்கமான வீட்டில், எளிய உணவுண்டு, உழைத்துக்கொண்டே இருந்தவர்களும், விடுதியில் படுத்திருந்தவர்களைப் போலவே பெரும்பாலும் நலமடைந்தனர். நோயைத் தீர்ப்பது காற்றுமன்று, கட்டிலுமன்று. மருந்தை முடிவு வரையில் உண்பதே என்பது தெளிவாயிற்று.

ஆனால் அந்த ‘முடிவு வரையில்’ என்பதிலேதான் இடர் முழுதும் அடங்கியிருந்தது. ஆராய்ச்சியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரையும் சோதித்தனர். நோயின் கொடுமையை அறிந்தவர்களும், மருந்து இலவசமாய்ப் பெற்றவர்களும் கூட அதனை உண்ணாது விட்டது உண்டு. காரணம் யாது? இருமல் தணிகிறது, காய்ச்சல் விடுகிறது, உடல் தேறுகிறது. மருந்து வேலை செய்யத் தொடங்கியதே மருந்தை விடுதற்குக் காரணமாகிறது! கிருமியோ இன்னும் முழுதும் மாயவில்லை. இடையில் விட்ட மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமிகள், பிறகு அம்மருந்துக்கே அசையாதவையாய்ப் பெருகக்கூடும்.

அன்பர்களே! அடுத்துச் சொல்லப்போவது எம் வீட்டுக் கதை. சொல்லுதற்கு நா எழவில்லை. ஆயினும் சொல்லாமல் இப்பேச்சு நேர்மையுடையதாகாது.

சற்றேறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் எம் தம்பிக்கு அந்நோய் கண்டது. ஆறு திங்கள் மருந்து உண்ண வேண்டுமென்றனர். மருந்து கொடுத்த செவிலித்தாய் எம்மைத் தனியே அழைத்து, “அண்ணாச்சி! தம்பி விழுங்குகிறானா என்று நீங்கள் தினமும் கண்ணால் பாருங்கள்” என்றார். இரண்டு திங்கள் அவ்வாறே பார்த்தோம். அவன் முகம் தெளிந்தது; எடை கூடியது; சைக்கிள் ஏறி வேலைக்கும் போனான். நாள்தோறும் மின்சார ரயிலில் அந்தச் சானடோரியம் நிலையத்தைக் கடந்தே யாமும் வேலைக்குப் போய்வந்தோம். இரவு வீடு திரும்பி, “மருந்து உண்டாயா?” என்று கேட்பதோடு நின்றோம். அவன் “ஆயிற்று, அண்ணா” என்பான். சில நாட்களில் கேட்பதும் நின்றது. ஓராண்டு கழிந்து இருமல் திரும்பியபோது, பரணில் ஒரு தகரப் பெட்டியில் மூன்றரைத் திங்கள் மருந்து பிரிக்கப்படாமல் இருக்கக் கண்டோம். இரண்டாம் முறை மருந்து முன்போல் வேலை செய்யவில்லை. இருபத்தெட்டாம் வயதில் அவன் எம்மை விட்டுப் பிரிந்தான்.

அவன் மருந்தை நிறுத்தியது மூன்றாந் திங்களில். யாம் பார்ப்பதை நிறுத்தியது அதற்குச் சில நாட்கள் முன்னர். இவ்விரண்டில் எது முந்தியது என்பதை யாம் இன்றளவும் மறக்கவில்லை.

அந்தச் செவிலித்தாய் சொன்னது வெறும் பரிவுரையன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். 1960 களிலேயே சேத்துப்பட்டு நிலையத்தார், நோயாளர் மருத்துவ உதவியாளர் கண்முன்னே மருந்து விழுங்கும் முறையை ஆராய்ந்திருந்தனர். அம்முறையே 1990 களில் உலகச் சுகாதார நிறுவனத்தின் திட்டத்தில் ஓர் உறுப்பாயிற்று. 1997 முதல் நம் நாட்டிலும் பரவத் தொடங்கியது. அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், தெருமுனைக் கடைக்காரர் முதலியோர் சாட்சியாய் நின்று மருந்து விழுங்கச் செய்தனர். மருந்தொன்றே போதாது, நோயைப் பற்றிய அறிவொன்றே போதாது, பார்த்திருக்கும் ஒரு கண்ணும் வேண்டும் என்பது நம் சென்னை உலகுக்கு அளித்த பாடங்களுள் ஒன்று.

இப்பாடத்தை நம் கருமங்கள் அனைத்திற்கும் பொருத்திப் பார்ப்போமாக.

முதலாவது, கடைசிப் பங்கு என்பது பல பங்குகளுள் ஒன்றன்று. நூறு கோல் நீளமுள்ள ஏரிக்கரையில் தொண்ணூற்றொன்பது கோல் அடைத்து ஒரு கோல் விட்டுவிட்டால், அவ்வேரியில் தொண்ணூற்றொன்பது பங்கு நீரா நிற்கும்? 2015 ஆம் ஆண்டு டிசம்பரில் நம் ஊரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் வெள்ளம் புகக் கண்ட நமக்கு, நீர் எவ்வளவு சிறிய வழியிலும் புகும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கதிர் பால் பிடிக்குந் தருணத்தில் நீர் விடாத வயலில் விளைவது முக்கால் நெல்லன்று, பதர். ஒரு தாள் குறைந்த பட்டம் பட்டமன்று. கூரையில்லாத படிப்பகத்தில் ஒரு பிள்ளையும் உட்கார்ந்து படிக்க இயலாது. கடைசிப் பங்கே முந்திய பங்குகளையெல்லாம் பயனுடையவாக்குவது.

இரண்டாவது, நம் உணர்ச்சி நமக்கு அளவுகோலன்று. எம் தம்பி தன் உடம்பைக் கேட்டான். அது “நலம்” என்றது. எண்ணியிருக்க வேண்டுவது மாத்திரைகளை. ஆதலின் கருமம் தொடங்கும் அன்றே, இன்னது நிறைவேறினால்தான் முடிந்தது என்று ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். “நன்றாய்ப் படிப்பேன்” என்பது முடிவற்ற சொல். “இந்நாளில் இத்தாளை எழுதுவேன்” என்பது முடிவுடைய சொல். உற்சாகம் வரும், போகும். எழுதிய எண் நிற்கும்.

மூன்றாவது, சாட்சி ஒருவர் வேண்டும். இதற்கு நம்முள் சிலர் நாணுவர். “எம் காரியத்தைப் பிறர் கண்காணிப்பதா?” என்பர். தன்னைத் தானே ஆளுதல் உயர்ந்ததே. ஆனால் கடைசிக் காற்பங்கில் மனம் நம்மையே ஏய்க்கிறது என்று அறிந்தபின், துணை தேடுதல் அறிவுடைமையன்றோ? சாட்சியாய் நிற்பவர்க்கும் ஒரு சொல். “ஆயிற்றா?” என்று கேட்பது சாட்சியன்று, ஆனதைக் கண்ணாற் காண்பதே சாட்சி. நலம் தென்படத் தொடங்கும் நாளில்தான் சாட்சியின் வேலை தொடங்குகிறது. அந்நாளில் விலகுபவர் முதல்நாளே வராதிருந்தவரினும் நன்மை செய்தவராகார்.

எடுத்த கருமம் யாவும் முடிக்கத்தக்கனவோ என்று ஓர் அன்பர் கேட்கலாம். கேட்டல் தகும். தவறான வழியென்று தெரிந்தபின் அதனை விடுதல் கோழைத்தனமன்று. ஆனால் விடுவதாயின் சாட்சியின் முன் வந்து, “இன்ன காரணத்தால் விடுகிறேன்” என்று வாய் திறந்து சொல்லி விடுக. அவ்வாறு சொல்ல நா கூசுமாயின், அது விடத்தக்கதன்று, முடிக்கத்தக்கதே என்று அறிக. சொல்லாமல் நழுவுவதே நம்மை அரிக்கும் கரையான்.

இனி, இக்கிளைச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். சங்கம் என்பது ஆண்டுக்கொருமுறை கூடி மாலையிட்டுக்கொள்வதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. ஒருவர்க்கொருவர் சாட்சியாய் நிற்பதற்கும் அது உரியது. இன்று ஒரு குறிப்பேடு இம்மேசைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. விரும்புவோர் தாம் முக்காற்பங்கில் நிறுத்தி வைத்திருக்கும் ஒரே ஒரு கருமத்தையும், அதை முடிக்கும் நாளையும், சாட்சியாய் நிற்க இசைபவர் பெயரையும் அதில் எழுதுக. புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டா. தொடக்கங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அடுத்த ஆண்டு நிறைவு நாளில் அக்குறிப்பேட்டை இச்சபையில் வாசிப்போம். முடித்தவரைப் பாராட்டுவோம், முடியாதவரை இகழாமல், எங்கே நின்றது என்று கேட்டு அவ்விடத்தில் கை கொடுப்போம்.

முதல் வரியில் சங்கத்தின் பெயரையே எழுதும்படி செயலாளரை வேண்டுகிறோம். கருமம், படிப்பகத்துக்குக் கூரையிடுதல். இரண்டாம் வரியில் எம் பெயர். தம்பியின் பெயரால் அங்கே ஓர் அலமாரி நூல் வைப்பதாகப் பல ஆண்டுகளுக்கு முன்னர் வாக்களித்தோம். பாதி நூல்கள் வாங்கி எம் வீட்டிலேயே கட்டி வைத்திருக்கிறோம். கூரை எழும்பும் நாளில் அலமாரியும் நிரம்பி நிற்கும். அதற்குச் சாட்சியாய் யார் வருவீர்?