புவி வெப்பமும் பொழியூர்க் கரையும்

(நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்புறக் கிளைத் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புவி வெப்பமடைவதற்கான காரணங்கள் பற்றியும், அதைத் தடுப்பதில் மக்களின் பங்கு பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் அறிவியல் பயின்றவன் அல்லன். தமிழ் இலக்கியம் பயின்று, முப்பதாண்டுகளாகக் கட்சி ஆவணங்களை மொழிபெயர்த்து வருபவன். ஆகவே ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

கரையில் காற்றும் மழையும் இல்லாத நாளில், முன்னறிகுறி ஏதுமின்றி அலை ஊருக்குள் புகுவதை நம் கடலோர மக்கள் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். கள்வனைப் போல் வருவதால் அப்பெயர். 2012இல் யுனெஸ்கோ அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. பிறர் சொற்களைத் தமிழாக்கியே கண் மங்கிப்போன எனக்கு, நம் கரையின் சொல் ஒன்று மொழிபெயர்க்கப்படாமலே அறிவியலுக்குள் சென்றதில் சிறிது பெருமை உண்டு.

2024 மார்ச் 31 அன்று, ஈஸ்டர் நாளில், அந்தக் கள்ளக்கடல் பொழியூரில் வீடுகளுக்குள் வந்தது. பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே, பெருங்கடலில் எழுந்த புயல்காற்று கிளப்பிய அலை அது. இதை உடனே புவி வெப்பத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். நம் பாட்டனார் காலத்திலும் கள்ளக்கடல் இருந்தது. ஆனால் 1900ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. பாட்டனார் காலத்தில் முற்றத்தோடு திரும்பிய அலை இன்று அடுக்களைவரை வருகிறது என்றால், இடையில் நிகழ்ந்தவற்றுள் இதுவும் ஒன்று.

ஒக்கியை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று பகலில் புயலெச்சரிக்கை வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, பொழியூர், பூந்துறை வள்ளங்களும் விசைப்படகுகளும் கடலில் இருந்தன. கேரளத்திலும் தமிழ்நாட்டிலுமாக இறந்தோரும் காணாமற்போனோரும் இருநூறுக்கும் மேற்பட்டோர். அரபிக்கடல் ஒரு காலத்தில் வங்கக்கடலைவிடச் சாதுவான கடல் எனப்பட்டது. அதன் மேற்பரப்பு வெப்பம் நான்கு பதின்மங்களுக்கு முன்பிருந்ததைவிட ஒரு பாகைக்கு மேல் கூடிவிட்டது. 2001 முதல் 2019 வரையிலான காலத்தில் அங்கு எழுந்த புயல்கள், முந்தைய இருபதாண்டுகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று இந்திய ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். சூடான கடல்நீர் புயலுக்குத் தீனி. சூடான காற்று கூடுதல் நீராவியைச் சுமக்கிறது. கொட்டும்போது ஒரே நாளில் கொட்டுகிறது. 2021 நவம்பர் 13 அன்று பாறசாலையருகே தண்டவாளத்தில் மண் சரிந்து, நாகர்கோவில் இரயில்கள் நின்றுபோனதை இங்குள்ளோர் பலர் கண்ணால் கண்டீர்கள்.

இவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? 1856இல் யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு அடைத்த குழாயே மிகுதியாகச் சூடேறிற்று. ஆறுவதற்கும் நெடுநேரம் பிடித்தது. (அவருடைய கட்டுரையை அறிவியல் மாநாட்டில் வாசித்தவர் ஓர் ஆண் என்பதையும் பெண் தோழர்கள் குறித்துக்கொள்க.) தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் இருநூறு ஆண்டுகளில் தோண்டி எரித்ததே முதற்காரணம். காடழிப்பும், கால்நடை, குப்பைமேடு, எரிவாயுக் கசிவு ஆகியவற்றிலிருந்து எழும் மீத்தேனும் அதனோடு சேர்ந்துகொண்டன.

எரித்தவர் யார் என்பதே அரசியல். இதுவரை வானில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் வெளியிடுகிறார். இந்தியர் 2 டன். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் மேலாளர்களுக்கு அதன் சொந்த அறிவியலாளரே 1977இல் இந்த ஆபத்தை விளக்கினார். பின்னர் அதே நிறுவனம், ஆபத்து உறுதியானதன்று என ஐயம் விதைப்பதற்குப் பணம் செலவிட்டது. இலாபத்துக்காகப் பொருள் செய்யும் முறையில், புகைபோக்கிக்கு வெளியே போவது கணக்கேட்டில் ஏறுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த 2 டன் ஒரு சராசரி. குளிரூட்டிய மாளிகையில் வாழ்பவரையும் பொழியூரில் வலை பின்னுபவரையும் கூட்டி வகுத்த எண் அது. நம் நாட்டுப் பெருமுதலாளிகள், ஏழைகளின் குறைந்த கணக்கைக் காட்டித் தங்கள் அனல்மின் நிலையங்களுக்கு உரிமை கோருகிறார்கள். அமெரிக்காவைச் சாடும்போது இவர்களை மறைத்துவிடும் பிழையை நாம் செய்யலாகாது.

இனி நம் எல்லைக்கு வருவோம். கரை நெடுக மணல் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்வது. ஓரிடத்தில் கல்லைப் போட்டு மறித்தால் அடுத்த ஊருக்குச் சேரவேண்டிய மணல் சேராது. நீரோடிவரை தமிழ்நாடு இட்ட கல் தடுப்புகளே தம் கரையை அரிக்கின்றன என்று பொழியூர் மக்கள் சொல்கிறார்கள். அதற்கு விடையாகக் கேரளம் கல் போட்டால், அதற்கு வடக்கே உள்ள ஊர் இதையே சொல்லும். அந்தக் கல் எங்கிருந்து வருகிறது? களியக்காவிளையில் இரவு ஒருமணி நேரம் நின்று பாருங்கள்: குமரி மலைகளை உடைத்த பாறை டாரஸ் லாரிகளில் வடக்கே போகும். விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதாங்கிக்கும் அந்த மலைகளிலிருந்து கல் சென்றது.

விழிஞ்ஞம் என்றதும் சில தோழர்களின் முகம் மாறுவதைக் காண்கிறேன். 2015இல் காங்கிரஸ் ஆட்சியில் அதானியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. இடது முன்னணி அரசு பணியைத் தொடர்ந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் திறக்கப்பட்டது. கரையரிப்புக்குத் துறைமுகமே காரணம் என்று 2022இல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடியபோது, நாம் அவர்களோடு பேசியதைவிட அவர்களைப் பற்றிப் பேசியதே அதிகம். போராட்டத்தை நடத்தியது திருச்சபை என்பது போதிய விடை ஆகாது. நாம் இல்லாத இடத்தில் யாரேனும் இருக்கத்தான் செய்வார்கள். கல் உடைப்பவரும் லாரி ஓட்டுபவரும் நம் தொழிற்சங்கத்தினர். வீடிழப்பவர் நம் வாக்காளர். இவ்விரு சாராரையும் ஒரே அறையில் அமர்த்தாமல் சுற்றுச்சூழல் தீர்மானம் எழுதினால், அதை மொழிபெயர்க்கும் என் உழைப்பும் வீண்.

மக்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால் விளக்கை அணையுங்கள், மரம் நடுங்கள் என்று துண்டறிக்கை தருவோர் உண்டு. அவர்களை எள்ள வேண்டாம். இந்திய மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. கேரளம் தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகிறது. எனவே எல்.இ.டி. விளக்கு கட்டணத்தையும் குறைக்கும், கரியையும் குறைக்கும். ஆனால் பேருந்து இல்லாத ஊரில் ஒருவரை நோக்கி ஸ்கூட்டரை விடு என்பது அறிவுரையன்று, கேலி. மார்த்தாண்டத்து நகரப் பேருந்துகள் பெரும்பாலும் களியக்காவிளையோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து இப்பக்கம் வர வேறு வண்டி தேட வேண்டும். இருமாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் எல்லை கடந்து கூடுதல் உள்ளூர்ப் பேருந்துகள் விட வேண்டும் என்பது முழுமையான காலநிலைக் கோரிக்கை. அப்படிச் சொல்லி நாம் கேட்டதில்லை, அவ்வளவே.

முன்பு நெய்யாற்றின்கரை வட்டத்திலிருந்த காட்டாக்கடையில் பண்ணைக்குளங்கள் தோண்டினார்கள். மழைநீரைக் கிணறுகளில் இறக்கினார்கள். பின்னர் கரியமிலச் சமநிலைத் தொகுதி என்னும் இலக்கையும் வைத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்து வாருங்கள். 1970களில் எட்டு இலட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த கேரளத்தின் நெல்வயல் இன்று ஏறத்தாழ இரண்டு இலட்சம். வயல் என்பது மழைநீர் தங்கும் இடமுமாகும். 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. இரவோடிரவாக மண் கொட்டுபவரை ஊராட்சிக்கு அறிவிக்க மாநிலக் குழுவின் சுற்றறிக்கை தேவையில்லை.

உடனடியாக முடிக்கக்கூடிய பணி ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். கோடையில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது எனக் கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் ஆணையிடுகிறது. குமரியிலிருந்து விடியலில் எல்லை கடந்து வரும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அப்படி ஓர் ஆணை இருப்பதே பெரும்பாலும் தெரியாது. அதைத் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக எழுதி, மீறினால் யாரிடம் முறையிடுவது என்பதையும் சேர்த்து, இவ்வாரத்துக்குள் தருகிறேன். காலை 6 மணிக்குக் களியக்காவிளைப் பேருந்து நிலையத்தில் நின்று அதைக் கொடுப்பதற்கு எந்தக் கிளை, எந்த நாள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். நீரோடித் தோழர்களையும் பொழியூர்த் தோழர்களையும் ஒன்றாக அமர்த்தும் கூட்டத்துக்கும் தேதி குறிக்க வேண்டும். அதை எந்தப் பக்கத்தில் நடத்துவது என்ற வழக்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.