அயல்மொழியும் நம் மாணவர்தம் தன்னம்பிக்கையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை எட்டிவிட்டனர் என்று மகிழ்கின்றோம். ஆயினும், வாயிலைக் கடந்தபின் அவர்களை வாயடைக்கச் செய்வது ஆங்கிலம். தமிழ்வழியில் பயின்ற மாணவர், விடை தெரிந்திருந்தும் வகுப்பில் எழுவதில்லை. ‘நமக்கு இது வராது’ என்னும் எண்ணம் நாவைக் கட்டிவிடுகின்றது. பேசாமையால் பழக்கம் குன்றுகின்றது. பழக்கம் குன்றவே அவ்வெண்ணம் வலுப்பெறுகின்றது. பிறரோ அம்மௌனத்தை அறிவின்மை எனக் கொள்கின்றனர். இதனால் கைநழுவும் வேலைகள் பல.

தன்னம்பிக்கை பிறவியில் வருவதன்று. உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977 இல் வெளியிட்ட ஆய்வுரையில், அது நான்கு வழிகளில் வளர்வதாகக் கூறினார். தாமே செய்து முடித்த செயல் முதலாவது; வலிமை மிக்கதும் அதுவே. தம்மைப் போன்றவர் வெல்வதைக் காண்பது இரண்டாவது. பிறர் தரும் ஊக்கமொழி மூன்றாவது. நான்காவது, உடலின் படபடப்பை நாம் எவ்வாறு பொருள் கொள்கின்றோம் என்பது. மேடையில் நெஞ்சு படபடத்தால் அது இயலாமையின் அடையாளமன்று. புதிதாய்ப் பேசுவோர் பலர்க்கும் உள்ளதே.

அண்ணல் அம்பேத்கரை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் அவர் விரும்பிய சமற்கிருதம் மறுக்கப்பட்டது. பாரசீகம் பயில நேர்ந்தது. அவரோ பின்னாளில் சமற்கிருதத்தையும் கற்றார். 1921 இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திற்கு ஜெர்மன் மொழியிலேயே கடிதம் எழுதினார். மொழி எவர்க்கும் தனியுடைமையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வெறும் நம்பிக்கை மொழியைக் கற்றுத் தாராது, உழைப்பு வேண்டும். ஆனால் நம்பிக்கை இல்லாதவர் உழைப்பை இடையிலேயே கைவிடுவர். ஆதலின் சிறிதாகத் தொடங்குவோம். நாள்தோறும் பத்து வாக்கியங்களை உரக்கப் படிப்போம். ஐந்து வாக்கியங்களைச் சொந்தமாக எழுதுவோம். வாரம் ஒருநாள் மாலை இச்சங்கக் கட்டடத்தில் கூடுவோம். நம் தெருவிலிருந்து சென்று பட்டம் பெற்ற அண்ணன்மாரும் அக்காமாரும் இளையோர்க்கு வழிகாட்டட்டும். அங்குப் பிழையைத் திருத்தலாம். பிழைக்காக எவரும் நகைத்தல் கூடாது. பெற்றோர்களே, ‘உனக்கு எதற்கு இங்கிலீசு?’ என்னும் சொல்லை வீட்டினின்றும் அகற்றுங்கள்.

தாய்மொழியில் சிந்திக்கத் தெரிந்தவர்க்குப் பிறமொழி எட்டாக்கனியன்று. இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவு வளர்த்த இச்சங்கம், இனி அச்சமற்ற நாவையும் வளர்ப்பதாகுக!