காசு கொடுத்தும் காது நிறையவில்லை!

நடுவர் அவர்களே! எதிரணித் தங்கச்சி சாட்டிலைட் ரேடியோவைத் தூக்கி வச்சுப் பேசிட்டாங்க. அமெரிக்காவில் 2001-ல் டல்லாஸ், சான் டியாகோ ரெண்டு ஊரில் ஆரம்பிச்சது. இந்தக் கடலோரம் வச்ச சேனல் அந்தக் கடலோரம் வரை அறுபடாதுன்னாங்க. ஒத்துக்கிறேன். உள்ளூர் எஃப்.எம். 60, 70 மைலில் கரகரத்துப் போகும். இது வானத்திலிருந்து நேராக வருகிறது. ஆனால் அய்யா, வானம் தெரிந்தால்தானே? மலைச் சுரங்கப் பாதைக்குள் கார் நுழைந்தால் பாடுகிறவர் தொண்டை அடைத்துவிடுகிறதே!

மகன் காரில் போனேன். நூற்றுக்கு மேல் சேனல். மூணு மணி நேரத்தில் ஒரு பாட்டை முழுசாகக் கேட்கவில்லை. பின் சீட்டிலிருந்து என் சம்சாரம், "ஏங்க, பாட்டுக் கேக்க வந்தீங்களா, குமிழைத் திருக வந்தீங்களா?" என்றாள். (சிரிப்பு)

அதைக்கூட விடுங்க. சாயங்காலம் பேய்மழை. நாடு முழுக்க ஒரே குரலில் பேசுகிற ரேடியோவுக்கு, பெரிய நகரத்து டிராஃபிக் தெரியும். அந்தச் சின்ன ஊர்ப் பாலம் எப்படித் தெரியும்? மகன் சட்டென்று சாதா எஃப்.எம்.முக்கு மாற்றினான். உள்ளூர் அறிவிப்பாளர், "பாலத்து மேல தண்ணி போகுது, வராதீங்க" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மாசாமாசம் பணம் வாங்குகிறது பாடிக்கொண்டிருந்தது. பைசா வாங்காதது எங்களைத் திருப்பி அனுப்பியது. திருப்தி எந்தப் பக்கம், தங்கச்சி?

மணி அடிச்சிட்டீங்க அய்யா. வணக்கம்! (கைதட்டல்)