அழுகைக்கு ஒரு துணை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்திலே ஆய்ச்சியர் குரவை என்றொரு காதை உண்டு. அதனைக் கண்ணன் புகழ் பாடும் பகுதியாகவும், இசைத்தமிழின் நுட்பங்களை அறிய உதவும் பகுதியாகவும் வகுப்பில் படிப்பிக்கிறோம். அது சரியே. ஆனால் அந்தக் குரவை ஏன் ஆடப்பட்டது என்ற வினாவில் நாம் அதிகம் தங்குவதில்லை.

கோவலன் சிலம்பு விற்கப் போய்விட்டான். ஆயர் குடியிருப்பிலே பால் உறையவில்லை. வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்களில் நீர் வழிகிறது. ஆநிரையின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ தீங்கு வரப்போகிறது என்பது இடைக்குல முதியவளான மாதரிக்குப் புலப்பட்டுவிடுகிறது. மனம் கலங்காதே என்று மகள் ஐயைக்குத் தேறுதல் சொல்வதோடு அவள் நின்றுவிடவில்லை. ஏழு பெண்களை அழைத்து, ஏழு சுரங்களின் பெயர்களை அவர்களுக்கு இட்டு, வட்டமாக நிறுத்திக் கைகோக்கச் செய்கிறாள். மாடு கன்றுகளின் துயர் தீர வேண்டும், அடைக்கலமாக வந்த கண்ணகியும் அதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

கெட்ட காலத்தில் பெண்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்குத் தமிழிலக்கியம் காட்டும் பழைய காட்சிகளில் இது ஒன்று. அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு நம் மலையகத்தைப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பட்டிப்பொல என்ற பெயரை மலைநாட்டு ரயிலில் போனவர்கள் அறிவார்கள். 6,204 அடி உயரத்திலுள்ள அதுவே இலங்கையின் மிக உயர்ந்த ரயில் நிலையம். அடுத்த நிலையமான அம்பேவெலவில் பால்பண்ணையின் புல்வெளி விரிந்து கிடக்கிறது. இந்தப் பக்கமிருந்து ஹோட்டன் சமவெளிக்குப் பாதை ஏறுகிறது. உல்லாசப் பயணிக்கு அங்குள்ள பனிமூட்டம் ஒரு காட்சி. அந்தக் குளிரிலே கரட்டும் லீக்சும் பிடுங்குகிற பெண்ணுக்கும், கீழே நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிற பெண்ணுக்கும் அதுவே அன்றாட வேலைத்தளம். அவளுடைய துயரத்தை எப்படி வகுத்துச் சொல்வது?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் களங்கள் நான்கு என்கிறார். இளிவு, இழவு, அசைவு, வறுமை. மலையகப் பெண்ணின் வாழ்வில் இந்த நான்குக்கும் பொருள் தேடி அகராதிக்குப் போக வேண்டியதில்லை.

இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். தோட்டத்திலே அரைப்பேர் என்றொரு சொல் வழங்குகிறது. நாள் முழுதும் மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு எடுத்த கொழுந்து நிறுவையில் குறைந்தால், அன்றைய சம்பளம் பாதியாகும். அதற்குத்தான் அந்தப் பெயர். கூலி பாதியாவது ஒரு புறமிருக்க, ஒருத்தியின் பெயரே பாதியாகிறது என்று அந்தச் சொல் சொல்கிறதே, அதுதான் இளிவு.

அசைவு என்பதற்குத் தளர்ச்சி என்றும், தன் நிலையிலிருந்து தாழ்தல் என்றும் உரை கூறுவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதியிருந்த 1,50,000 பேர் 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். தாய்க்கு ஒரு நாடு, மகளுக்கு ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார்த் துறைக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பெயரையே சூட்டினார்.

வறுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1973, 74ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அரிதாகித் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்ததை இன்றைய பாட்டிமார் மறக்கவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது தேயிலையும் மரக்கறியும் சேர்ந்து விழுந்தன. மறுவருடம் செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை முந்திய வருடத்தைவிட 94.9 வீதம் ஏறியிருந்ததாகக் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டியது.

இழவைக் கடைசியாக வைத்துக்கொண்டது காரணத்தோடுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்தது. மண்ணுக்குள் போனவர்களில் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளும் மலையகத்தில் பல குடும்பங்களை இவ்வாறே விட்டுச் சென்றன. இறந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் எப்படி அழுவது? இழவு வீட்டுக்கென்று நம் பெண்கள் வைத்திருந்த ஓர் ஏற்பாட்டை நினைக்க வேண்டிய இடம் இது.

அந்த ஏற்பாடுதான் ஒப்பாரி. நாட்டார் வழக்காற்றில் ஒரு பாடல் வகை என்று அதைப் புத்தகத்தில் படிக்கிறோம். அது நடக்கும் விதத்தைக் கவனித்தவர்களுக்கு அது வெறும் பாடல் வகையன்று என்பது தெரியும். செய்தி கேட்டதும் பக்கத்து லயத்துப் பெண்கள் வருகிறார்கள். இஸ்தோப்பிலோ உள்ளே பிரேதத்தின் அருகிலோ வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொள்கிறார்கள். தலையோடு தலை சாய்கிறது. ஒருத்தி எடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். அழத் தெரியாதவளுக்கும் அங்கே சொல் கிடைக்கிறது. மூச்சு முட்டுபவளுக்கு மற்றவர்கள் மூச்சு விட நேரம் தருகிறார்கள்.

இன்னொன்றும் அங்கே நடக்கும். வந்தவர்கள் அந்த வீட்டுச் சாவுக்கு மட்டும் அழுவதில்லை. ஒவ்வொருத்தியும் தன் தாயை, தன் பிள்ளையை, தன்னை வைத்து வாழாத கணவனைச் சொல்லி அழுவாள். கடலுக்கு அப்பால் போன தாய் செத்துப்போன செய்தி மாதம் கழித்துக் கடிதத்தில் வந்தபோது, நாள் சம்பளம் போய்விடும் என்று மலைக்குப் போனவள், அடுத்த வீட்டு இழவிலே அந்தத் தாய்க்காக அழுதாள். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. துயரத்துக்கும் ஒரு சீட்டுக் கட்டி வைத்திருந்தார்கள் எனலாம். இன்று உன் வீட்டில் நான் அழுகிறேன். நாளை என் வீட்டில் நீ அழுவாய்.

அழுது முடித்த பிறகு அந்தக் கூட்டம் கலைந்துவிடுவதுமில்லை. அடுப்பு எரியாத வீட்டுக்குத் தேத்தண்ணி வருகிறது, ரொட்டி வருகிறது. பிள்ளைகளை யாரோ குளிப்பாட்டுகிறார்கள். மரணாதாரச் சங்கத்தின் பணம் வருகிறது. எட்டாம் நாள் அவள் மலைக்குப் போகிறபோது பக்கத்து நிரையில் நிற்பவள் தன் கூடையிலிருந்து இரண்டு பிடி கொழுந்தைச் சத்தமில்லாமல் அவள் கூடைக்குள் போடுகிறாள். ஆறுதல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

இந்தப் பாடல்களின் பெருமதியை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, பாராளுமன்றம் வரை சென்ற அவர் தேடிச் சேர்த்தவையே ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூல். அவருக்கு முன்பே, தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் தொழிலாளரின் நிலையைப் பாட்டாகக் கட்டித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். 1940இல் அவை நூலாகவும் வந்தன. அழுவதற்குப் பழகிய குரல்களை உரிமை கேட்கவும் பழக்கலாம் என்று அந்த அம்மையார் கண்டிருந்தார்.

சில வருடங்களுக்கு முன் என் மாணவர்களிடம் வீட்டிலுள்ள பாட்டிமாரின் பாடல்களை எழுதி வரச் சொன்னேன். தாலாட்டும் தெம்மாங்கும் நிறைய வந்தன. ஒப்பாரி ஒன்றுகூட வரவில்லை. “வீட்டிலே சும்மா பாடினா இழவு வருமாம் சேர், பாட்டி பாடமாட்டேங்கிறாங்க” என்றான் ஒரு மாணவன். அது பழைய நம்பிக்கை, விளங்குகிறது. இன்னொரு மாணவி சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. “எங்க பக்கம் இப்ப யாரும் அழுறதில்ல சேர். ஸ்பீக்கர்ல கெசட் போடுறாங்க. பாடினா படிச்சவங்க சிரிப்பாங்கன்னு அம்மா சொல்றாங்க.”

நாம் படித்தவர்கள் சிரித்துத்தான் அந்த வாய்களை மூடினோமா? பெண்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குப் போய்விட்டதும் ஒரு காரணம். லயத்திலே மிஞ்சியிருப்பவர்கள் கூடும் சந்தர்ப்பங்கள் குறைந்துவிட்டதும் ஒரு காரணம். இன்று பல இடங்களில் பெண்கள் வாரந்தோறும் தவறாமல் கூடுவது நுண்கடன் தவணைக்கு. ஒருத்திக்கு மற்றவர்கள் பிணை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும். தோள் கொடுத்த அதே வட்டம் கழுத்தை நெருக்கும் வட்டமாக மாறுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தூர தேசத்துச் செய்தி ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். ஆபிரிக்காவின் சிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர், பஸ் கட்டணம் இல்லாததால் தம்மிடம் வர முடியாமற்போன ஒரு நோயாளியை இழந்தார். அதன் பிறகு 2006இல், ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சிகிச்சை நிலைய வளவுகளிலே மர வாங்குகளில் உட்கார வைத்தார். மனம் நொந்தவர்கள் வந்து பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து பேசினார்கள். அந்த நாட்டு ஷோனா மொழியில் அவர்களுடைய நோய்க்குப் பெயர் ‘அளவுக்கு மீறி யோசித்தல்’. நம் தோட்டத்துப் பெண்ணும் “ஒரே யோசனையா இருக்கு” என்றுதானே சொல்கிறாள்! 2016இல் வெளியான ஆய்வு, ஆறு மாதங்களின் பின் அவர்களின் மனச்சோர்வு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுடையதைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. பேசி முடித்த பெண்கள் பின்னர் குழுவாக அமர்ந்து பைகள் பின்னுகிறார்கள். அந்தக் குழுவின் பெயருக்குப் பொருள், ‘ஒன்றாகக் கைபிடித்தல்’.

மாதரி செய்ததும் அதுதான். நம்மிடம் பாட்டிமாருக்குப் பஞ்சமில்லை. பிள்ளைக்காம்பராவின் திண்ணை இருக்கிறது. கோயில் மண்டபம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், நிறுவை முடிந்து வரும் பெண்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆண்கள் வேண்டும். கேட்பதற்கு ஒரு மூத்தவள் வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாதிருக்க அவளுக்குப் பயிற்சி வேண்டும். பாட விரும்பினால் பாடட்டும். பேச விரும்பினால் பேசட்டும். ஒப்பாரியை அப்படியே காப்பாற்ற வேண்டுமென்று நான் வாதாடவில்லை. அந்த வட்டம் கலைந்துவிடக் கூடாது என்கிறேன்.

இதனால் சம்பளப் பிரச்சினை தீராது. காணியும் வீடும் கிடைத்துவிடாது. வைத்தியரிடம் போக வேண்டிய துயரமும் உண்டு. அவ்வாறானோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்துப் பேசலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குரவை ஆடியதால் கோவலன் உயிரோடு திரும்பவுமில்லை.

ஆனால், நேயர்களே, அடுத்த காதையை எடுத்துப் பாருங்கள். செய்தி அறிந்து ஒருத்தி ஓடி வருகிறாள். சொல்ல வாய் வராமல் நிற்கிறாள். கண்ணகி விழுந்து புரண்டு அழுகிறாள். பின்பு எழுந்து, என் கணவன் கள்வன் அல்லன் என்ற தன் வழக்கைத் தொடங்குகிறாள். அதை அவள் முதன்முதலில் சொல்வது அரசவையில் அன்று. குரவைக்குக் கூடியிருந்த அந்த ஆயர்குலப் பெண்களைக் கேளுங்கள் என்று அழைத்து, அவர்கள் முன்னிலையில். பாண்டியனின் வாயிலுக்குப் போகுமுன் அவளுக்கு அழவும் பேசவும் ஒரு சபை தேவைப்பட்டது. மாதரி கூட்டி வைத்த பெண்கள் அந்தச் சபையாக இருந்தார்கள்.